கூட்டம் வருவதற்கு முன்னால் போய்ச் சேர: புதிய சொகுசுத் தலங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1960களில் மாலத்தீவைச் சுற்றிப் பார்த்த ஐ.நா. குழு ஒன்று, இங்கே சுற்றுலாவெல்லாம் எடுபடாது என்று சொல்லிவிட்டுப் போனது. 1972இல் அங்கே முதல் ரிசார்ட் திறந்தது. பவளக் கல்லும் தென்னங்கீற்றும் வைத்துக் கட்டிய சுமார் 30 அறைகள். பெயர் குரும்பா. திவேஹி மொழியில் அதற்கு இளநீர்க்காய் என்று பொருள்; நம் குரும்பைக்கு ஒன்றுவிட்ட சகோதரி போலிருக்கிறது. அன்றைக்கு அங்கே போனவர்களுக்குக் கடல் கிடைத்தது, மீன் கிடைத்தது, தனிமை கிடைத்தது. சொகுசு கிடைக்கவில்லை. இன்றைக்குப் போகிறவர்களுக்குச் சொகுசு கிடைக்கிறது, கூடவே மாலே விமான நிலையத்தில் ரிசார்ட் கவுன்ட்டர்களின் முன்னால் வரிசையும் கிடைக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே எல்லா ஊருக்கும் ஒரு காலம் வரும். நல்ல படுக்கை, நல்ல சாப்பாடு, அவசரத்துக்கு மருத்துவர் எல்லாம் வந்திருக்கும். கூட்டம் மட்டும் இன்னும் வந்திருக்காது. அந்தக் காலத்தைப் பிடிப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். ‘அடுத்த மாலத்தீவு’, ‘இந்த ஆண்டு போகவேண்டிய 10 இடங்கள்’ என்று டிசம்பர் தோறும் வரும் பட்டியல்களை நானும் ஆசையாகப் படிப்பேன். ஆனால் ஓர் இடம் அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டதென்றால், அங்கே ரூம் போட உங்களோடு இன்னும் பல்லாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படி 1: எது இல்லாமல் இருக்க முடியாது என்று முதலில் எழுதுங்கள்

இது சின்னப் படிதான், ஆனால் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். சொகுசு என்றால் சிலருக்குப் பளிங்குக் குளியலறை, சிலருக்கு யாரும் கதவைத் தட்டாத மூன்று நாள், சிலருக்குச் சாயங்காலம் ஒரு கிளாஸ் வைன். வைன் முக்கியம் என்றால் சவூதியின் செங்கடல் தீவுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை. அங்கே ரிசார்ட்டிலும் மது கிடையாது. பத்து வயதுப் பிள்ளையோடு போகிறீர்களா? ருவாண்டா கொரில்லாக்கள் இப்போதைக்கு வேண்டாம், 15 வயது ஆகியிருக்க வேண்டும். முழங்கால் வலிக்கும் அம்மாவைக் கூட்டிப்போகிறீர்களா? பூட்டானின் புலிக்கூடு மடத்தைக் கீழிருந்துதான் பார்க்க முடியும். இப்படி மூன்று நான்கு வரி எழுதினாலே பாதி உலகம் பட்டியலிலிருந்து போய்விடும். மீதி வேலை சுலபம்.

படி 2: வாசலில் காவல் இருக்கிறதா என்று பாருங்கள்

ஓர் இடம் பத்து வருடம் கழித்தும் நன்றாக இருக்குமா என்பதைச் சொல்லும் அறிகுறி ஒன்றுதான்: எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதை யாராவது தீர்மானிக்கிறார்களா? ஹோட்டலின் நட்சத்திரத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒரே ஒரு நல்ல ஹோட்டல் இருக்கும் கட்டுப்பாடில்லாத கடற்கரையில், ஐந்தே வருடத்தில் அதைச் சுற்றி ஐம்பது ஹோட்டல் முளைத்துவிடும்.

பூட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் அங்கே தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ‘நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்’ என்று ஒன்று கட்டவேண்டும். 2022 செப்டம்பரில் எல்லையைத் திரும்பத் திறந்தபோது அதை 200 டாலர் ஆக்கினார்கள். வரவு மிகவும் குறைந்துபோகவே, 2023 செப்டம்பரில் 100 டாலராகப் பாதியாக்கினார்கள். 2027 ஆகஸ்ட் வரை அதுதான். இந்தியர்களுக்கு இந்தக் கட்டணம் இரவுக்கு 1,200 ரூபாய் மட்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அதிலும் பாதி. அதாவது, உலகம் முழுவதும் பெரிய விலை கொடுத்து நுழையும் வாசலில் நம்மைக் கிட்டத்தட்டச் சும்மா விடுகிறார்கள். 2004இல் அமன்கோரா என்ற சொகுசு ஹோட்டல் பாரோ பள்ளத்தாக்கில் திறந்தது. அதற்கு ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்து சிக்ஸ் சென்ஸஸ் என்ற ஹோட்டல் குழுமம் ஐந்து பள்ளத்தாக்குகளில் ஐந்து லாட்ஜ்களோடு வந்தது. இவ்வளவு நிதானமாக வளரும் இடத்தை நான் நம்புவேன்.

ருவாண்டாவில் காவல் இன்னும் கண்டிப்பானது. மலைக் கொரில்லாக் குடும்பம் ஒன்றை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம். 2017 மே மாதம் அதற்கான பெர்மிட்டை 750 டாலரிலிருந்து ஒரே அடியாக 1,500 டாலர் ஆக்கினார்கள். கூடவே, பூங்கா வருமானத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போகும் பங்கை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். அதே ஆண்டுதான் எரிமலை மேடு ஒன்றில் ஆறே வில்லாக்களோடு பிசாட்டே லாட்ஜ் திறந்தது. 2019இல் சிங்கிட்டா குழுமத்தின் குவிட்டோண்டா லாட்ஜ். பெர்மிட் விலை ஏறியதும் பெரிய பெயர்கள் ஓடவில்லை, வந்தார்கள். ஒரு நாடு எந்த மாதிரி விருந்தாளியை எதிர்பார்க்கிறது என்பது முதலில் இப்படித்தான் தெரியவரும். ரிசார்ட் திறப்பு விழாச் செய்திகளை விட அரசின் கட்டண அறிவிப்புகளை நான் கவனமாகப் படிப்பது அதனால்தான்.

சவூதியின் செங்கடல் திட்டம் மூன்றாவது வகை. அங்கே காவல்காரரும் கட்டுபவரும் ஒருவரே. தொண்ணூறுக்கும் மேற்பட்ட தீவுகளில் 22ஐ மட்டும்தான் தொடுவோம், ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் விடமாட்டோம் என்கிறார்கள். 2023 நவம்பரில் பாலைவனத்தில் சிக்ஸ் சென்ஸஸ், அடுத்த ஆண்டு உம்மஹாத் தீவுகளில் செயின்ட் ரீஜிஸ் என்று வரிசையாகத் திறந்திருக்கிறார்கள். இப்போது போனால் கடற்கரை உங்களுக்கே சொந்தம் போல இருக்கும். ஆனால் சொன்ன கட்டுப்பாட்டைப் பூட்டான் பல பத்தாண்டுகளாகக் காத்துக் காட்டியிருக்கிறது, இவர்கள் இனிமேல்தான் காட்டவேண்டும். இங்கே போக நினைப்பவர்கள் சீக்கிரம் போய்விடுவது நல்லது.

படி 3: ஹோட்டலின் வயதைக் கேளுங்கள்

திறந்து ஐந்தே வாரமான ஒரு கடலோர ரிசார்ட்டுக்கு ஒருமுறை போனேன். பெயர், ஊர் வேண்டாம். ‘சாஃப்ட் ஓப்பனிங்’, அதாவது வெள்ளோட்டத் தள்ளுபடி கண்ணை மறைத்துவிட்டது. அறை படத்தில் இருந்ததைவிட அழகு. குளியலறைக் குழாயில் நீலப் பக்கம் திருப்பினால் வெந்நீர், சிவப்புப் பக்கம் திருப்பினால் குளிர்ந்த தண்ணீர். காலை உணவின்போது மூன்று பேர் மூன்று முறை வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “காபியா, டீயா?” நாற்பது நிமிடம் கழித்து இரண்டும் வந்தன. ஏழு மணிக்கு அடுத்த வில்லாவில் டைல்ஸ் வெட்டும் மெஷின் ஆரம்பித்தது. மேனேஜர் பாவம், தினமும் ஒரு பழத்தட்டு அனுப்பி மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் நாள் அந்தப் பழத்தட்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வந்தது.

அதிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். முதல் ஆறு மாதம், அடி மாட்டு விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரு முழு சீசன் ஓடி முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது வருடத்திலிருந்து ஐந்தாவது வருடம் வரை பொற்காலம். ஆட்கள் வேலை பழகியிருப்பார்கள், மெத்தை புதிதாகவே இருக்கும், பேர் வாங்கவேண்டும் என்ற ஆர்வமும் மிச்சமிருக்கும்.

பக்கத்தில் கட்டடம் எழும்புகிறதா என்று பார்க்கச் செயற்கைக்கோள் வரைபடம் போதும். கடற்கரையோரம் சதுரம் சதுரமாகச் செம்மண் தெரிந்தால் உங்கள் அமைதிக்கு ஆபத்து. படம் எந்த மாதம் எடுத்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். விருந்தினர்கள் போட்ட படங்களைப் ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் உணர்ச்சிவசப்பட்டவர்கள் எழுதியது; மூன்று நட்சத்திரக்காரர்தான் ஷவரில் தண்ணீர் எப்படி வந்தது என்று சொல்வார்.

படி 4: கடைசி 50 கிலோமீட்டர்

புதிய இடங்களில் பணமும் நேரமும் கரைவது இங்கேதான். பெரிய விமானம் உங்களை ஒரு தலைநகரில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம்தான் கதை.

பாரோ விமான நிலையம் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. பகலில், விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்கவேண்டும். அதற்குத் தகுதி பெற்ற விமானிகள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். இறங்கும்போது இறக்கைக்குப் பக்கத்தில் வீட்டு மாடியில் காயும் மிளகாய் தெரிகிற மாதிரி இருக்கும். மேகம் மூடினால் விமானம் வராது, அவ்வளவுதான். அதனால் பூட்டானிலிருந்து திரும்பும் அன்றே டெல்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள். நடுவில் ஓர் இரவு விடுங்கள். டெல்லியிலிருந்து போகும்போது இடப்பக்க ஜன்னல் கேளுங்கள், வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட் தெரியும். இன்னொன்று: பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கொண்டுபோக வேண்டும். பெரியவர்களுக்கு ஆதார் அங்கே செல்லாது.

மாலத்தீவின் கடல் விமானங்களும் பகலில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் மாலேயில் இறங்கினால், அன்றைக்கு உங்கள் தீவுக்குப் போகமுடியாமல் மாலே பக்கத்திலேயே ஒரு ராத்திரி தங்கவேண்டி வரலாம். இரவுக்கு ஒரு லட்சம் கொடுத்த தீவு காலியாகக் கிடக்க, நீங்கள் டிரான்ஸிட் ஹோட்டலில் நூடுல்ஸ் சாப்பிடுவீர்கள்.

போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டா இதில் தனி ரகம். மவுன் என்ற சிறு நகரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில், புல்வெளியில் செதுக்கிய மண் ஓடுபாதைக்குப் போகவேண்டும். கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20 கிலோதான். பை துணிப்பையாக இருக்கவேண்டும், சக்கரம் கூடாது. ஏனென்றால் அது விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியில் அமுக்கித் திணிக்கப்படும். நல்ல முகாம்களில் துணி துவைப்பது இலவசம். மூன்று செட் போதும்.

ஒரே விலங்கைப் பார்க்க இரண்டு நாட்டு வாசல் இருந்தால் கடைசிப் பாதை எது சுலபம் என்று பாருங்கள். ருவாண்டாவில் கொரில்லா பெர்மிட் 1,500 டாலர், உகாண்டாவில் 800. பாதி விலைதானே என்று தோன்றும். ஆனால் ருவாண்டாத் தலைநகர் கிகாலியிலிருந்து கொரில்லாக்கள் இருக்கும் எரிமலைப் பூங்காவுக்கு நல்ல தார்ச்சாலையில் இரண்டரை, மூன்று மணி நேரம். என்டெபேயில் இறங்கி உகாண்டாவின் ப்விண்டிக் காட்டுக்குப் போக ஒரு முழுநாள் ஜீப்பில் குலுங்கவேண்டும், இல்லையென்றால் உள்நாட்டு விமானம் பிடிக்கவேண்டும். நேரம் இருப்பவர்களுக்கு உகாண்டா, விடுப்பு ஐந்து நாள்தான் என்பவர்களுக்கு ருவாண்டா.

படி 5: பருவத்தை நம் நாட்காட்டியில் பார்க்காதீர்கள்

மழை பெய்தால் வெள்ளம் வரும் என்பது நம் கணக்கு. ஒக்கவாங்கோவில் மழைக்காலம் முடிந்து, வானம் வறண்டு, குளிர் தொடங்கும் ஜூன், ஜூலையில்தான் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். ஜனவரியில் அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்த மழை, மெல்ல நகர்ந்து வந்து சேர அவ்வளவு மாதம் ஆகிறது. மொகோரோ என்ற ஒற்றையோடத்தில் அல்லிப் பூக்களுக்கு நடுவே போகவேண்டுமென்றால் அப்போதுதான் போகவேண்டும். விலையும் அப்போதுதான் உச்சம். டிசம்பர் விடுமுறையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று போனால் பறவைகளும் பச்சைப் புல்லும் இருக்கும், சில முகாம்களில் படகு விடத் தண்ணீர் இருக்காது. இரண்டுமே நல்ல பயணம்தான், ஆனால் ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றுக்குப் போய்விடக் கூடாது.

செங்கடல் பக்கம் நவம்பரிலிருந்து மார்ச் வரை சுகம். ஜூலையில் அடிக்கும் வெயில் நமக்கே தாங்காது.

பூட்டானுக்கு எல்லோரும் மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் போவார்கள். நான் சொல்வது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. அப்போது திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் கங்தே பக்கத்து போப்ஜிகா பள்ளத்தாக்குக்கு வந்து இறங்கியிருக்கும். அந்தக் கொக்குகளின் இறக்கையில் படக்கூடாது என்பதற்காகவே அங்கே மின்கம்பியைப் பூமிக்கடியில் போட்டிருக்கிறார்கள். காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாக இருக்கும். கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு, எதிரே கம்பம் ஒன்றுகூட மறைக்காமல் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்ப்பதைவிடப் பெரிய சொகுசை நான் எந்த ஸ்பாவிலும் வாங்கியதில்லை.

படி 6: ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்

மாண்டிநீக்ரோவின் ஸ்வெட்டி ஸ்டெஃபான், கரையோடு ஒரு மெல்லிய மணல் திட்டால் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய மீனவர் தீவு. யூகோஸ்லாவியா காலத்தில் அதை முழுக்க ஹோட்டலாக மாற்றினார்கள். பின்னாளில் அமன் குழுமம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. பக்கத்துக் கடற்கரைகளை ஹோட்டல் விருந்தினருக்கு மட்டும் என்று அடைக்கலாமா என்பதில் ஊருக்கும் ஹோட்டலுக்கும் தகராறு முற்றி, 2021இல் ஹோட்டல் திறக்கவில்லை. அதற்கடுத்த சீசன்களிலும் பூட்டியே கிடந்தது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். ரூம் போடும் முன்னால் அந்த ஊர்ப் பெயரோடு ‘போராட்டம்’, ‘கடற்கரை’, ‘தண்ணீர்’ என்ற சொற்களை உள்ளூர் மொழியில் போட்டுத் தேடிப் பாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலி போதும், பத்து நிமிட வேலை.

இலங்கை மலையகத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றித் துரைமார் பங்களாக்களைப் புதுப்பித்து நடத்தும் சிலோன் டீ டிரெயில்ஸ் 2005இல் தொடங்கியது. தேயிலை நாட்டுச் சொகுசு என்றால் இப்போதும் முதலில் சொல்லும் பெயர் அது. அந்தப் பக்கம் எந்தத் தேயிலை பங்களாவில் தங்கினாலும், கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் தங்களுக்குள் பேசும் தமிழ் உங்கள் காதில் விழும். மலைச்சரிவில் லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் கண்ணில் படும். பட்லர் கொண்டுவரும் காலைத் தேநீரை அப்போது கொஞ்சம் கூச்சத்தோடுதான் குடிக்கமுடியும். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போனால் அவர்களோடு நாலு வார்த்தை பேசுங்கள், வேறு எந்த நாட்டு விருந்தாளிக்கும் அது வாய்க்காது.

படி 7: பில்லை முன்கூட்டியே நீங்களே போட்டுப் பாருங்கள்

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் உஷார். மாலத்தீவில் 800 டாலர் அறை என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்து 880. அதன்மேல் 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதமான சுற்றுலா ஜிஎஸ்டி, சுமார் 1,030. ஆளுக்கு இரவுக்கு 12 டாலர் பசுமை வரி, இரண்டு பேருக்கு 24. ஆக 1,054 டாலர். கடல் விமானக் கட்டணம் இன்னும் சேரவில்லை, அது பல நூறு டாலர். இதே கணக்கை எந்த நாட்டுக்கும் போட்டுப் பார்த்துவிட்டு, இறுதித் தொகைகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஆப்பிரிக்க முகாம் ஒன்று இரவுக்கு இரண்டு மடங்கு கேட்கும், ஆனால் சாப்பாடு, பானம், சஃபாரி எல்லாம் அதில் அடக்கம். கடைசியில் வித்தியாசம் நீங்கள் நினைத்த அளவு இருக்காது.

இந்திய ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். உகாண்டா, கென்யா மாதிரி நாடுகளிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். இன்சூரன்ஸில் ‘அவசர மருத்துவ விமானம்’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் பெட்டி தொலைந்தால் வரும் காசு.

படி 8: ஒரு மெயில் அனுப்புங்கள்

பணம் கட்டும் முன்னால் ஹோட்டலுக்கு நேரடியாக ஒரு மெயில். நான் கேட்பது ஐந்து கேள்வி. நாங்கள் தங்கும் வாரத்தில் வளாகத்திலோ பக்கத்திலோ கட்டட வேலை நடக்குமா, எத்தனை மணிக்கு? வானிலையால் விமானமோ படகோ வராவிட்டால் அந்த இரவுக்குக் காசு யார் பொறுப்பு? மிக அருகில் இருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம்? எந்தத் தேதிவரை ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பும்? கடைசியாக, வீட்டில் ஒருவர் மீன் சாறு, இறைச்சிச் சாறுகூடச் சேராத சைவம், நான்கு நாளைக்கு என்ன சமைப்பீர்கள்?

ஐந்தாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் முதலில் படிப்பேன். ‘உங்கள் தேவைகளை நிறைவேற்றுவதில் மகிழ்ச்சி’ என்று ஒற்றை வரியில் வந்தால், அது மார்க்கெட்டிங் ஆள் அனுப்பியது. பூட்டானின் புனாகாவில் ஒரு சின்ன லாட்ஜிலிருந்து ஒருமுறை வந்த பதிலில், ‘எமா தாட்ஷியில் சீஸும் பச்சை மிளகாயும்தான், சாறு எதுவும் சேர்ப்பதில்லை, ஆனால் உங்களுக்கு எவ்வளவு காரம் தாங்கும்?’ என்று சமையல்காரரே திருப்பிக் கேட்டிருந்தார். அன்று மாலையே அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். காரம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வீம்பாகப் பதில் எழுதிவிட்டேன். முதல் நாள் ராத்திரி இரண்டு கிண்ணம் தயிர் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.